லாயிட் லோர் கையொப்பமிட்ட கிப்சன் மாண்டலினைச் செய்தது யார்? அதன் பிறப்பைத் தேடுவது எப்படி?

கையொப்பமிட்டவர் அதைச் செய்யவில்லை. இதை முதலில் மனத்தில் இருத்திக்கொண்டால் மற்றவை தாமாகப் பிடிபடும்.

லாயிட் லோர் 1919இல் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்து கலமசூ நகரில் இருந்த கிப்சன் இசைக்கருவித் தொழிற்சாலையில் சேர்ந்து, 1924 டிசம்பரில் விலகினார். ஒலியியல் பொறியாளர் என்பது அவருடைய பதவி. ஐந்தாம் எண் வரிசைக் கருவிகளில், அதாவது எஃப்-5 மாண்டலின், எச்-5 மாண்டோலா, கே-5 மாண்டோசெல்லோ, எல்-5 கிதார் ஆகியவற்றில், 1922 ஜூன் முதல் 1924 டிசம்பர் வரை அவருடைய கையொப்பச் சீட்டு ஒட்டப்பட்டது. இக்கருவிகளில் ஓர் எஃப் வடிவத் துளையின் கீழே வரிசை எண் எழுதிய சீட்டு இருக்கும். மறு துளையின் கீழே கையொப்பச் சீட்டு. பலகைகளும் உள்ளே ஒட்டிய நாதக்கட்டைகளும் காற்றறையும் சோதித்துச் சுருதி கூட்டப்பட்டன, பூட்டி முடித்த கருவி வாசித்துப் பார்த்து ஏற்கப்பட்டது என்றுதான் அந்தச் சீட்டு சொல்கிறது. செய்தேன் என்று அவர் எங்கும் எழுதவில்லை. பெரம்பூரில் ஒரு ரயில் பெட்டி வெளிவரும்போது ஆய்வு செய்தவர் ஒப்பமிடுவார். அதற்காகப் பெட்டியை அவரே செய்தார் என்று நாம் நினைப்பதில்லை அல்லவா? மரம் அறுத்தவர், செதுக்கியவர், கழுத்து பூட்டியவர், வண்ணம் ஏற்றியவர் என்று பல கைகள் அதில் இருக்கின்றன. அவர்கள் பெயர் சீட்டில் இல்லை. எனக்கு இதில் உண்மையிலேயே மனக்குறை உண்டு.

ஆகவே ஒரு கருவிக்கு ஒரு தேதி என்று தேடாதீர்கள். மூன்று தடயங்கள் இருக்கின்றன, மூன்றும் வெவ்வேறு நாட்களைச் சொல்கின்றன. கழுத்தும் உடலும் சேரும் இடத்தில் உள்ளே இருக்கும் கட்டையில் ஓர் எண் குத்தப்பட்டிருக்கும். அது தொழிற்சாலையின் வேலை உத்தரவு எண். சில கருவிகளுக்கான மரவேலை ஒன்றாகத் தொடங்கும்போது அந்தத் தொகுதி முழுவதற்கும் ஒரே எண் கொடுத்தார்கள். எனவே அது கருவி தொடங்கிய காலம். கையொப்பத் தேதி, ஒப்புக்கொண்ட நாள். சீட்டில் உள்ள வரிசை எண் அந்த ஒரு கருவிக்கே உரியது, வேலை முடியும் கட்டத்தில் வந்தது. ஒரே தொகுதியில் பிறந்தவை வெவ்வேறு நாட்களில் கையொப்பம் பெற்றிருக்கலாம். ஒரே நாளில் பல கருவிகளில் அவர் கையொப்பமிட்டதும் உண்டு: 1923 ஜூலை 9, 1924 பிப்ரவரி 18, 1924 மார்ச் 31 ஆகிய தேதிகள் மாண்டலின் பிரியர்களுக்கு மனப்பாடம். புளூகிராஸ் என்ற அமெரிக்க நாட்டார் இசை வகையின் தந்தை எனப்படும் பில் மன்றோ 1940களில் மயாமியில் ஒரு முடிதிருத்தகத்தில் 150 டாலருக்கு வாங்கிய எஃப்-5 அந்த ஜூலை 9ஆம் தேதியுடையதுதான். வரிசை எண் 73987.

இன்னொன்று. லோர் விலகியபோது தொழிற்சாலையில் அரைகுறையாக நின்ற உடல்கள் பின்னர் முடிக்கப்பட்டுக் கையொப்பம் இல்லாமலேயே வெளியே போயின. அவருடைய காலத்து மரம், அவருடைய காலத்துச் செதுக்கல், சீட்டு மட்டும் இல்லை. இவற்றை அடையாளம் காட்டுவது கட்டையில் குத்திய எண்தான். அந்தக் காலத்துப் பேரேடுகள் கையில் இல்லாததால், ஆர்வலர்கள் கண்ணில் பட்ட கருவிகளின் எண்களை ஒவ்வொன்றாகத் திரட்டி ஒப்பிட்டு இந்த வரலாற்றை மீட்டிருக்கிறார்கள். உங்கள் எண்ணையும் அத்தகைய பட்டியல்களோடு ஒப்பிடுவதே சரியான வழி.

இதெல்லாம் எனக்கு எப்படித் தெரிய வந்தது என்று சொல்கிறேன். என் பெரியப்பா 1960களில் மூர் மார்க்கெட்டில், அது தீயில் அழிவதற்கு இருபது ஆண்டுகளுக்கு முன், ஒரு கிப்சன் மாண்டலின் வாங்கினார். நீள்வட்டத் துளை கொண்ட ஏ வகை, அதாவது எஃப் வகையின் சுருள் இல்லாத எளிய பேரிக்காய் வடிவ உடல். அவர் காலமான பிறகு கருவி என்னிடம் வந்தது. பழைய இசைக்கருவி வியாபாரி ஒருவர் பார்த்துவிட்டு, 'கையொப்பச் சீட்டைப் பூச்சி தின்றுவிட்டது, இது லோர் மாண்டலின்தான்' என்று உறுதியாகச் சொன்னார். சீட்டில் பாதியை இராமபாணம் தின்றிருந்தது உண்மை. ஆனால் லோர் கையொப்பமிட்ட ஏ வடிவ மாண்டலின் என்று அறியப்பட்டது ஒன்றே ஒன்றுதான், அதற்கும் எஃப் துளைகள். நீள்வட்டத் துளையைப் பார்த்ததுமே அந்தப் பேச்சு முடிந்திருக்க வேண்டும். கையொப்பமிட்ட எஃப்-5 ஒன்று இலட்சம் டாலருக்கு மேல் போகும் இந்நாளில், காகிதத்தை மட்டும் நம்பி யாரும் பணம் கொடுக்க வேண்டாம். காகிதத்தை ஒட்டவும் முடியும், உரிக்கவும் முடியும்.

கருவிக்குள் பார்க்க, பல் மருத்துவர் வாய்க்குள் விட்டுப் பார்க்கும் சிறு கண்ணாடியும் ஒரு குட்டி விளக்கும் போதும். எல்லாத் தந்திகளையும் ஒரே நேரத்தில் தளர்த்தாதீர்கள். மாண்டலினில் குதிரை, அதாவது பலகைமேல் தந்திகளைத் தாங்கும் சிறு கட்டை, ஒட்டப்பட்டதல்ல, தந்தியின் அழுத்தத்தில்தான் நிற்கிறது. அதன் இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். என் கருவியின் குதிரையில் 1921 ஜனவரி 18 என்ற காப்புரிமைத் தேதி இருந்தது. அதற்கு முன் செய்த குதிரை அல்ல என்பதற்கு மேல் அது எதையும் சொல்லாது; குதிரையை யாரும் மாற்றலாம். தலைப்பகுதியில் சிறு மூடிக்குக் கீழே கழுத்து வளையாமல் காக்கும் எஃகுக் கம்பியின் முனை தெரிந்தது. தேடியஸ் மெக்ஹியூ என்ற கிப்சன் ஊழியர் 1923இல் காப்புரிமை பெற்ற அமைப்பு அது. கழுத்துக்குள்ளேயே புதைந்திருப்பதால் இந்தச் சாட்சியை எளிதில் மாற்ற முடியாது. கட்டையில் குத்திய எண்ணும் 1923ஐ ஒட்டியே விழுந்தது.

எட்டுத் தந்திகளுக்கு நாலே மீதி இருந்ததன் காரணமும் புரிந்தது. 1981இல் சிறுவன் ஸ்ரீனிவாஸ் சென்னையில் மேடையேறிய பிறகு, கமகம் இழுக்க இரட்டைத் தந்தி இடம் தராது என்று பெரியப்பா ஜோடிக்கு ஒன்றைக் கழற்றிவிட்டாராம். கழுத்தில் குறுக்கே பதித்த உலோக மெட்டுகள் பக்கவாட்டில் தேய்ந்திருப்பதும் அதனால்தான்.

கடைசியில் மேற்பலகையின் அடிப்புறத்தைக் கண்ணாடியில் பார்த்தேன். பென்சில் எழுத்து. படம் எடுத்து இடவலமாகப் புரட்டியதும் தமிழ் வந்தது: 'விரிசல் ஒட்டியது. 12-4-67. செ.மு.' பின்பலகையை முழுதாகக் கழற்றினாலொழிய அங்கே எழுத முடியாது. மீண்டும் பூட்டிய தடம் வெளியே தெரியவே இல்லை, அவ்வளவு சுத்தமான வேலை. இந்தக் கருவிக்குள் இருக்கும் ஒரே கையொப்பம் அது. பெரியப்பாவுடன் வாசித்த ஒருவர் வடபழனியில் இருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை அந்தப் படத்தோடு அவரைப் பார்க்கப் போகிறேன்.