லிங்கைப் பின்னாலிருந்து படிக்கணும்

கேரள எல்லையோரத்துக் கொழிஞ்சாம்பாறையிலிருந்து எழுதியிருக்கிறீர்கள். கோவையில் பி.காம். முதலாண்டு படிக்கும் மகளுக்கு லேப்டாப் வாங்குவதா, கம்ப்யூட்டர் சென்டரில் சேர்ப்பதா என்று கேள்வி. இரண்டும் பொறுக்கட்டும். கடைசி வரியில் போகிறபோக்கில் சொல்லியிருப்பதுதான் எனக்கு உறுத்துகிறது. வாட்ஸ்அப்பில் வந்த ‘புதுமைப் பெண்’ லிங்கில் பாப்பா ஆதார் எண்ணும் வங்கிக் கணக்கு எண்ணும் போட்டிருக்கிறாள். ஓடிபி கேட்டதும் பயந்து மூடிவிட்டாள்.

பயந்தது நல்லதாயிற்று. ஆதாரை வைத்து வேறு யாரும் புகுந்துவிடாதபடி, இன்றே ஆதாரின் அதிகாரபூர்வச் செயலியில் கைரேகையைப் பூட்டச் சொல்லுங்கள், வங்கிக்கும் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். பணம் போயிருந்தால் தாமதிக்காமல் சைபர் குற்ற உதவி எண் 1930-க்குப் பேசுங்கள்.

‘புதுமைப் பெண்’ என்ற தமிழ்நாடு அரசின் உதவித்தொகைத் திட்டம் என்னவோ உண்மைதான். 2022 செப்டம்பரில் தொடங்கியது, மாதம் 1000 ரூபாய். ஆனால் ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை தமிழ்நாட்டு அரசுப் பள்ளியில் படித்த பெண்களுக்கானது. உதவிபெறும் பள்ளிகளில் தமிழ்வழியில் படித்தவர்களைப் பிறகு சேர்த்தார்கள். உங்கள் மகளும் அரசுப் பள்ளி, தமிழ் மீடியம்தான். ஆனால் பள்ளி இருப்பது கேரளத்தில். நம் பக்கத்துப் பிள்ளைகள் சறுக்குவது இங்கேதான். செய்தி தமிழில் வந்தால் நமக்கான செய்தி என்று நம்பிவிடுகிறோம். வேலந்தாவளம் செக்போஸ்ட் தாண்டினால் விதி வேறு. கேரள உதவித்தொகைக்கு இ-கிராண்ட்ஸ் தளம் தனியாக இருக்கிறது. வெளிமாநிலத்தில் படிப்பவருக்கு அதில் எது பொருந்தும் என்று அவளே உட்கார்ந்து படிக்கட்டும். உறவினர் சொன்னதை வைத்து முடிவெடுக்க வேண்டாம்.

லிங்கை முன்னாலிருந்து படித்தால் ஏமாறுவோம். தொடக்கத்து இரட்டைச் சாய்கோட்டை (//) விட்டு, அடுத்து வரும் ஒற்றைச் சாய்கோடு (/) வரை போய், அங்கிருந்து பின்னோக்கிப் படிக்க வேண்டும். அந்த இடத்தில் ‘டாட் ஜிஓவி டாட் இன்’ (.gov.in) என்று முடிந்தால் அரசுத் தளம். அந்த முடிவு அரசு அமைப்புகளுக்கு மட்டுமே கிடைக்கும். முன்னால் ‘புதுமைப் பெண்’ என்றோ ‘தமிழ்நாடு’ என்றோ யாரும் ஒட்டிக்கொள்ளலாம். ஐந்து நிமிடத்தில் கற்றுக்கொள்ளக்கூடியது இது. எந்த சென்டரிலும் முதல் பாடமாக இதை வைத்து நான் பார்த்ததில்லை.

படிப்புக்கும் இதே கண்தான் வேண்டும். அசைன்மென்ட்டுக்கு ஏஐ-யிடம் கேட்டால் ஆசிரியர் பெயர், ஆண்டு எல்லாம் போட்டு, இல்லாத புத்தகத்தையும் கூசாமல் சொல்லும். தலைப்பை கூகுள் ஸ்காலரிலோ, ஐஐடி காரக்பூர் நடத்தும் தேசிய டிஜிட்டல் நூலகத்திலோ தேடிப் பார்க்கட்டும். அங்கே கிடைக்காவிட்டால் கல்லூரி நூலகரைக் கேட்கட்டும். (பரீட்சைக்கு முந்தின வாரம் தவிர யாரும் அவரிடம் போவதில்லை, போனால் சந்தோஷப்படுவார்.)

லேப்டாப்? எக்செல்லும் டேலியும் போனில் கைவராது, ஆகவே ஒருநாள் வாங்கத்தான் வேண்டும். முதலாண்டுக்கு கல்லூரி லேப் போதும்.

அந்த லிங்கை அவளுக்கு அனுப்பியதே நீங்கள்தான் என்று எழுதியிருக்கிறீர்கள். அவளைத் திட்டாதீர்கள். வேறு யாருக்கெல்லாம் அனுப்பினீர்களோ, அவர்களையும் இன்றைக்கே கூப்பிட்டுச் சொல்லிவிடுங்கள்.