செய்மதிப் படம் பார்க்கும் மகன்: ஒரு தாய்க்கு

அன்புள்ள அம்மா,

உயர்தரப் பரீட்சை நெருங்கும் நேரத்தில் மகன் இரவிரவாக ஏதோ படங்களைப் பார்த்துக்கொண்டிருக்கிறான் என்று கலங்கி வந்தீர்கள். நீங்கள் வெளியே காத்திருந்தபோது அவற்றில் ஒன்றை எனக்கும் காட்டினான். நவம்பர் மாதத்துக் கங்கைச் சமவெளி. பஞ்சாபில் நெல் அறுத்த தாளை எரிக்கும் காலம். "வெள்ளையாக, விளிம்பு தெரிவது மேகம் சேர். சாம்பலாகக் கரைந்து கிடப்பது புகை. பழுப்பாக இருந்தால் தூசு" என்று திரையில் விரல் வைத்துச் சொன்னான். 2022 டிசம்பரில் காற்று மாசடைந்து பாடசாலைகளை மூடினார்களே, அன்று தொடங்கிய ஆர்வமாம்.

அடுத்து அவன் கேட்டதுதான் என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது: "இந்தப் புகை நிலத்தோடு கிடக்கிறதா, மேலே மிதக்கிறதா?" செய்மதியிலிருந்து அந்தப் படத்தை எடுத்த மோடிஸ் என்ற கருவியால் அதை நேரடியாகச் சொல்ல முடியாது. மேலிருந்து தரைவரை உள்ள மங்கலை அது மொத்தமாகவே அளக்கும். உயரத்தைத் துல்லியமாகப் பிரித்தறிய லேசர் உதவும். 2006 முதல் 2023 வரை கலிப்சோ செய்மதி அதைச் செய்தது. நாம் சுவாசிக்கும் காற்றை அறியத் தரையிலுள்ள கருவியோடும் ஒப்பிட வேண்டும். ஆய்வாளர்கள் மல்லுக்கட்டும் கேள்வி இது, அம்மா. பதினெட்டு வயதில் தானாகவே அங்கு வந்து சேர்ந்திருக்கிறான்.

இதற்கெல்லாம் அடிப்படை ஒளி சிதறுவதும் உறிஞ்சப்படுவதும். ஆகவே பௌதிகவியலையும் இணைந்த கணிதத்தையும் அவன் விடவே கூடாது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழக விஞ்ஞான பீடம் ஒரு வழி. சபரகமுவவில் நில அளவை விஞ்ஞானம் இன்னொன்று. பொறியியல் கிடைத்தால் தயங்காமல் அனுப்புங்கள், அங்கிருந்தும் தொலையுணர்தலுக்கு, அதாவது செய்மதியால் பூமியை ஆராயும் இந்தத் துறைக்கு, வரலாம்.

வேலையைப் பற்றி மறைக்க மாட்டேன். வளிமண்டலவியல் திணைக்களம், தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் போன்றவற்றில் இடங்கள் குறைவு. அதனால்தான் பரீட்சை முடிந்ததும் பைதன் என்ற கணினி மொழியைப் பழகச் சொன்னேன். செய்மதித் தரவைக் கையாளத் தெரிந்தவருக்கு விவசாயத்திலும் வெள்ள வரைபடத்திலும் வேலை உண்டு.

கணினியைப் பூட்டி வைக்காதீர்கள். ஞாயிறு பின்னேரம் இரண்டு மணித்தியாலம் கொடுங்கள். மற்ற நாட்களில் வேண்டாம். எனக்குக் கவலை இரசாயனவியல்தான். பல்கலைக்கழக அனுமதிக்கான இசற் புள்ளிக்கு மூன்று பாடங்களும் சேர்த்தே பார்க்கப்படும். அடுத்த முறை வரும்போது அந்த வினாத்தாள்களை எடுத்து வாருங்கள்.