வாசகர் கேள்வி – பதில்: கார் எஞ்சினைத் தூக்கி இறக்குதல்

கேள்வி: அப்பா ஓட்டிய டீசல் அம்பாசிடர் எங்கள் வீட்டில் இருக்கிறது. பிஸ்டன் ரிங் தேய்ந்து புகை தள்ளுவதால் எஞ்சினை வெளியே எடுத்துப் பிரிக்க வேண்டும் என்கிறார் மெக்கானிக். வீட்டு ஷெட்டின் கூரைக் குழாயில் செயின் பிளாக்கை (கையால் இழுக்கும் சங்கிலிக் கப்பியை) மாட்டித் தூக்கிவிடலாம் என்பது அவர் யோசனை. இரண்டு டன் ஹைட்ராலிக் எஞ்சின் கிரேனும் வாடகைக்குக் கிடைக்கிறது. எதைத் தேர்ந்தெடுப்பது? – காரைக்குடி வாசகர்

பதில்: கூரைக் குழாயில் மாட்டவே வேண்டாம். ஷெட்டின் குழாய்கள் தகரத்தின் எடையையும் காற்றின் வேகத்தையும் தாங்குவதற்காகப் போடப்பட்டவை. ஒரே இடத்தில் கால் டன் எடை தொங்கினால் குழாய் வளையலாம், வெல்டிங் விட்டுப்போகலாம், சுவரில் பதித்த முனை பெயர்ந்து வரலாம். இவற்றில் எதுவும் முன்கூட்டி எச்சரித்துவிட்டு நடப்பதில்லை. கிரேனையே வாடகைக்கு எடுங்கள்.

ஆனால் 'இரண்டு டன்' என்று எழுதியிருப்பதை அப்படியே நம்பிவிடக் கூடாது. கிரேனின் கையில் வரிசையாகச் சில துளைகள் இருக்கும். பூட்டும் பின்னை (pin) எந்தத் துளையில் போடுகிறோமோ அதற்கேற்பக் கை நீளும். பெரும்பாலான இரண்டு டன் கிரேன்களில் கை முழுவதும் உள்ளே இருக்கும்போதுதான் 2 டன் தாங்கும். முழுவதும் நீட்டிவிட்டால் அந்த அளவு 500 கிலோவுக்கு இறங்கிவிடும். ஒவ்வொரு துளைக்கும் உரிய எடை கையிலேயே எழுதப்பட்டிருக்க வேண்டும். அந்த எழுத்து அழிந்துபோன கிரேனை நான் வாடகைக்கு எடுக்க மாட்டேன்.

அம்பாசிடரின் டீசல் எஞ்சினில் பிளாக் (எஞ்சினின் முக்கிய உடல்) கனமான வார்ப்பிரும்பு. கியர்பாக்ஸையும் சேர்த்து எடுப்பதானால் 250 கிலோ என்று கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள். பானெட்டையும் ரேடியேட்டரையும் முதலில் கழற்றிவிட்டால் கிரேனை இன்னும் நெருக்கமாகக் கொண்டுவரலாம், கையை அதிகம் நீட்டத் தேவையிருக்காது. தரை சமமான சிமெண்ட் தரையாக இருப்பது அவசியம்; மண் தரையில் கிரேனின் சிறு சக்கரம் ஒன்று புதைந்தாலே போதும், எடை முழுவதும் ஒரு பக்கம் சாய்ந்துவிடும்.

கேள்வி: எஞ்சினில் சங்கிலியை எங்கே மாட்ட வேண்டும்? கயிறு போதுமா? – அதே வாசகர்

பதில்: கயிறு வேண்டாம். எஞ்சினின் கூர்மையான விளிம்புகளில் உராய்ந்து அறுந்துவிடும். எடை முத்திரையிட்ட தூக்குச் சங்கிலியையோ அதற்கென்றே செய்த பெல்ட்டையோ மட்டும் பயன்படுத்துங்கள். பெல்ட்டும் விளிம்பில் உராயாதபடி பார்த்துக்கொள்ளுங்கள். என் அனுபவத்தில், கிரேன் முறிந்து நடக்கும் விபத்தைவிட, கொக்கிக்கும் எஞ்சினுக்கும் நடுவில் இருக்கும் இணைப்பு விட்டுப்போய் நடக்கும் விபத்தே அதிகம். ஆகவே இந்தக் கேள்விக்குச் சற்று விரிவாகவே பதில் சொல்கிறேன்.

தூக்குவதற்கென்று எஞ்சினில் வளையங்கள் இருந்தால் அவற்றிலேயே மாட்டுங்கள். இல்லையென்றால் முன்பக்கம் ஒன்றும் பின்பக்கம் எதிர்மூலையில் ஒன்றுமாக, பிளாக்கிலோ அதன் மேலே அமரும் ஹெட்டிலோ உள்ள பெரிய மரைத் துளைகளைத் தேர்ந்தெடுங்கள். ராக்கர் கவர் (ஹெட்டின் மேல்மூடி), மேனிஃபோல்டு (காற்று, புகைக் குழாய்த் தொகுதி) ஆகியவற்றின் சிறு போல்ட்டுகளை நம்பக் கூடாது. போல்ட்டின் தலையில் அதன் வலிமையைக் குறிக்கும் எண் 8.8 அல்லது அதற்கு மேல் பொறித்திருக்க வேண்டும். வார்ப்பிரும்பில் போல்ட்டின் விட்டத்தைப்போல் ஒன்றரை மடங்காவது மரை உள்ளே இறங்கியிருக்க வேண்டும். அலுமினியமாக இருந்தால் விட்டத்தைப்போல் இரண்டு மடங்கு. தடித்த வாஷர் போட்டு, சங்கிலியின் கண்ணி எஞ்சினோடு ஒட்டி நிற்கும்படி முடுக்குங்கள். போல்ட் பாதி வெளியே நீண்டிருக்க அதன் நுனியில் சங்கிலி இழுத்தால், போல்ட் வளைந்து முறியும்.

அடுத்தது சங்கிலியின் கோணம். இரண்டு முனையில் மாட்டிய சங்கிலி ஒவ்வொன்றும் பாதி எடையைத்தான் தாங்குகிறது என்று பலர் நினைக்கிறார்கள். செங்குத்தாக இருந்தால் அது சரி. கிடைமட்டத்திலிருந்து 60 பாகை சாய்வில் இருந்தால் 250 கிலோ எஞ்சினுக்கு ஒவ்வொரு பக்கமும் 144 கிலோ இழுவிசை வரும். 45 பாகையில் 177 கிலோ. 30 பாகையிலோ ஒவ்வொரு பக்கமும் முழு 250 கிலோ. கூரை உயரம் போதவில்லை என்று சங்கிலியைக் குட்டையாக்கும்போது நடப்பது இதுதான். அதோடு போல்ட்டுகள் உள்நோக்கியும் இழுக்கப்படும்.

அம்பாசிடரில் கியர்பாக்ஸோடு எடுக்கும்போது முன்பக்கம் உயர்ந்து பின்பக்கம் நன்றாகச் சாய்ந்தால்தான் வெளியே வரும். அதனால் கியர் ஆயிலை முதலிலேயே வடித்துவிடுங்கள்; இல்லையென்றால் கியர்பாக்ஸின் வால்முனை வழியே தரையெல்லாம் கொட்டி, கிரேனைத் தள்ளுபவரின் கால் வழுக்கும். மாறாக, கியர்பாக்ஸை வண்டியிலேயே விட்டுவிட்டு எஞ்சினை மட்டும் எடுப்பதானால் கியர்பாக்ஸுக்குக் கீழே ஜாக்கி வைத்துத் தாங்குங்கள். எஞ்சின் நேர்கோட்டில் முன்னால் நகர்ந்து கியர்பாக்ஸிலிருந்து நீளும் கிளட்ச் ஷாஃப்டை விட்டு முழுவதும் விலகும் வரை மேலே தூக்கக் கூடாது.

சங்கிலி இறுகியதும், ஒரு விரல் உயரம் தூக்கிவிட்டு நிறுத்துங்கள். எஞ்சினைச் சுற்றி ஒருமுறை டார்ச் அடித்துப் பாருங்கள். எர்த் பட்டை, கிளட்ச் இணைப்பு, ஸ்பீடோமீட்டர் கேபிள் ஆகியவற்றில் ஒன்று மறந்துபோய் மாட்டிக்கொண்டிருப்பது சாதாரணம். எஞ்சின் வராவிட்டால் பம்ப்பை அடித்துக்கொண்டே போகாதீர்கள். மாட்டியிருப்பது திடீரென்று விட்டால் எஞ்சின் ஊஞ்சலாடும். கிரேன் இயக்குபவர் ஒருவர், எஞ்சினை வழிநடத்துபவர் ஒருவர் என இருவர் போதும். எவருடைய கையோ காலோ எஞ்சினுக்குக் கீழே போகக் கூடாது. குழந்தைகளை ஷெட்டுக்குள் விடவே வேண்டாம்.

வெளியே வந்தவுடன், நகர்த்துவதற்கு முன் எஞ்சினைத் தரையை ஒட்டி இறக்கிவிடுங்கள். உயரத்தில் தொங்கவிட்டபடி தள்ளுவதே கிரேன் கவிழ்வதற்கு முக்கியக் காரணம். இறக்கும்போது கிரேனின் வால்வைச் சிறிது சிறிதாகத் திறக்க வேண்டும்.

கேள்வி: மறுநாள் காலையில் பிரிப்பதாக இருந்தால், இரவு கிரேனிலேயே தொங்கவிடலாமா? – விழுப்புரம் வாசகர்

பதில்: கூடாது. ஹைட்ராலிக் சீல் கசிந்தால் கிரேனின் கை தானாகவே இறங்கும். எஞ்சின் ஸ்டாண்டில் மாட்டுங்கள்; அதற்கு எஞ்சினின் பின்முனையில் உள்ள கனமான சக்கரமான ஃபிளைவீலைக் கழற்ற வேண்டியிருக்கும். ஸ்டாண்டு இல்லையென்றால் கனமான மரக்கட்டைகளின் மீது இறக்குங்கள். எடை அடியில் உள்ள ஆயில் தொட்டியான சம்ப்பின் மீது விழாமல் பிளாக்கின் விளிம்புகளில் அமரும்படியும், பக்கவாட்டில் சாயாதபடியும் கட்டைகளை அடுக்க வேண்டும்.

கேள்வி: என்னுடையது ஏசி உள்ள பெட்ரோல் இன்ஜெக்ஷன் கார். கூடுதலாக எதைக் கவனிக்க வேண்டும்? – சேலம் வாசகர்

பதில்: இரண்டு விஷயங்கள். எஞ்சின் நின்ற பிறகும் பெட்ரோல் குழாயில் அழுத்தம் இருக்கும். ஃபியூயல் பம்ப்பின் ஃபியூஸை எடுத்துவிட்டு, எஞ்சின் தானாக அணையும் வரை ஓடவிடுங்கள். பிறகு எஞ்சின் நன்றாக ஆறியதும், பேட்டரியின் நெகட்டிவ் முனையை முதலில் கழற்றி, இணைப்பைத் துணியால் மூடிக்கொண்டு குழாயைத் திறக்க வேண்டும். ஏசி குழாய்களைத் திறக்காதீர்கள். வெளியேறும் கேஸ் கண்ணையும் தோலையும் உறையச் செய்யும். பல கார்களில் கம்ப்ரஸரின் போல்ட்டுகளை மட்டும் கழற்றி, குழாய்களோடு சேர்த்து ஓரமாக நகர்த்திக் கட்டிவைக்க இடம் இருக்கும். இடமில்லாத வண்டியாக இருந்தால், ஏசி மெக்கானிக்கிடம் கேஸை மெஷினில் எடுக்கச் சொல்லிவிட்டு அதன் பிறகே எஞ்சினில் கை வையுங்கள்.