கிணற்றுப் பங்கு (கடிதமும் பதிலும்)

ஐயா, வணக்கம். கம்பஸில் இரண்டாம் வருடம் படிக்கிறேன். ஊர் சுன்னாகம். சோசலிசத்தையும் அராஜகவாதத்தையும் ஒப்பிட்டு ஓர் அட்டவணை தயாரித்திருக்கிறேன், இணைத்துள்ளேன். இரண்டுமே முதலாளித்துவத்தை எதிர்க்கின்றன. அரசு பற்றிய இடத்தில்தான் பிரிகின்றன. எனக்கு அராஜகவாதம்தான் சரியெனப் படுகிறது. எங்கள் பழைய கிராமங்கள் அரசில்லாமல் நன்றாகத்தானே நடந்தன? அப்பா இதெல்லாம் வேலையில்லாதவன் கதை என்கிறார். காந்தியும் அராஜகவாதிதானா?

அன்பின் தம்பிக்கு,

அட்டவணையைப் பார்த்தேன். கோடுகள் நேராக இருக்கின்றன. சோதனைக்கு உதவும். ஆனால் 'அரசை ஏற்பவர்', 'அரசை மறுப்பவர்' என்று இரண்டு நிரல் கீறிவிட்டு ஆட்களைப் பிடித்துப் பிடித்து உள்ளே போடுகிறீர்களே, அவர்கள் அங்கே இருப்பார்களா? ரஷ்ய அராஜகவாதி பக்கூனின் தன்னையும் சோசலிஸ்ட் என்றுதான் சொல்லிக்கொண்டார். மார்க்சும் கடைசியில் அரசு தேவைப்படாத சமூகத்தைத்தான் எதிர்பார்த்தார். தொழிலாளர் அரசைக் கையில் எடுத்துக் கொஞ்சக் காலம் வைத்திருக்கலாமா, எடுத்தாலே அது எடுத்தவனைத் தின்றுவிடுமா என்பதுதான் சண்டை. 1872 இல் முதலாம் அகிலம் என்ற சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் ஹேக் மாநாட்டில் பக்கூனினை வெளியேற்றினார்கள். 1921 இல் ரஷ்யாவின் குரொன்ஸ்டாட்டில் கிளர்ந்தெழுந்த மாலுமிகளைப் போல்ஷெவிக்குகளின் செஞ்சேனை அடக்கியபோது, அவர் பயந்தது சரிதான் என்று பலருக்கும் பட்டது. ஆனால் 1936 நவம்பரில் ஸ்பானிய அராஜகவாதிகள் நான்கு பேர் அமைச்சர்களாகப் போய் உட்கார்ந்தார்களே, அவர்களை எந்த நிரலில் போடுவீர்கள்?

இன்னொன்று. எங்கள் பேப்பர்களில் கடையை உடைத்தாலும் அராஜகம், பஸ்ஸை எரித்தாலும் அராஜகம். அந்தச் சொல்லை வைத்துக்கொண்டு அராஜகவாதச் சிந்தனையாளர் குரோபொட்கினை வாசித்தால் அப்பாவுக்குக் கோபம் வராமல் என்ன செய்யும்? அரசின்மை என்று சொல்லிப் பாருங்கள். காந்தியை இன்னொரு நாளைக்கு வைத்துக்கொள்வோம்.

'பழைய கிராமங்கள்' என்ற வரியில்தான் நான் நின்றுவிட்டேன். போன மாதம் ஒரு காணி அலுவலுக்காக அம்மாவின் பெட்டியைக் கிளறியபோது பழைய காணி உறுதிப் பத்திரம் ஒன்று அகப்பட்டது. கிணற்றிலும் வழிவாய்க்காலிலும் ஆறில் ஒரு பங்கு என்று அதில் இருந்தது. இணுவிலில் அப்புவின் புகையிலைத் தோட்டக் கிணறு. ஆறு பங்காளிகள், ஆளுக்கு ஒரு முறை நாள். துலா மிதிக்க ஒருவர், பட்டை பிடிக்க ஒருவர், பாத்திக்குத் தண்ணி மாற ஒருவர் வேண்டும். தனிக் குடும்பத்தால் ஏலாது. இன்று அவன் எனக்கு, நாளைக்கு நான் அவனுக்கு. ஒருவர் வீட்டில் செத்தவீடு என்றால் மற்றவர்கள் அவருடைய முறையையும் இறைத்துக் கொடுப்பார்கள். அரசின் ஆளான விதானையார் அந்தப் பக்கம் வந்ததை நான் கண்டதில்லை. பரஸ்பர உதவியைப் பற்றி 1902 இல் ஒரு புத்தகமே போட்ட குரோபொட்கின் வந்து பார்த்திருந்தால் துலாவிலேயே ஏறியிருப்பார்.

சரி, இனி நீங்கள் கேட்காததைச் சொல்கிறேன். பின்னேரங்களில் ஒரு கிழவி குடத்தோடு வந்து வேலிக்கு அப்பால் நிற்பா. கிணற்றுக்கட்டில் அவ காலை வைக்கக்கூடாது. யாராவது அள்ளி ஊற்றும்வரை நிற்பா. சில நாள் நான் ஊற்றினேன். எனக்கு ஏழு வயது. குடத்தில் வாளி முட்டிவிடக்கூடாது என்று அப்பு சொல்லித் தந்திருந்தார். அவ என்னை 'நயினார்' என்றா. எனக்கு அது பெருமையாக இருந்தது, தம்பி. அதைத்தான் இன்றுவரை விழுங்க முடியவில்லை.

ஆறு பேரும் தங்களுக்குள் சமம், அதனால் அங்கே அரசு தேவைப்படவில்லை. அந்தக் கிழவியைத் தள்ளி நிறுத்துவதிலும் அதே ஒற்றுமைதான். இதை எழுத உங்கள் அட்டவணையில் ஒரு நிரல்கூட இல்லை. 'நன்றாகத்தானே நடந்தன' என்று எழுதும்போது யாருக்கு என்று ஒரு நிமிடம் யோசித்திருக்கலாம். படித்த பிள்ளை.

அப்படியானால் அரசு வந்து சரிசெய்ததா என்று சோசலிஸ்டுகள் துள்ளவும் வேண்டாம். சாதி காட்டி ஒருவரைத் தடுப்பது குற்றம் என்று 1957 இல் சட்டம் வந்தது. எங்கள் கிணற்றுக்கு அது வந்து சேரவில்லை. தேநீர்க்கடைகளில் வேறு கிளாஸ், வேறு போத்தல் அப்படியே இருந்தது. பிறகு 1966 ஒக்டோபர் 21 அன்று சாதிக் கொடுமைக்கு எதிராகச் சனங்கள் தாங்களே ஊர்வலமாக இறங்கினார்கள். கம்யூனிஸ்டுகள் முன்னுக்கு நின்றார்கள், உண்மை. ஆனால் அவர்களும் அரசு கைக்கு வரட்டும் என்று காத்திருக்கவில்லை. பொலிஸ் அடித்தும் ஊர்வலம் யாழ்ப்பாணம் வந்து சேர்ந்தது. அது புறப்பட்டது உங்கள் ஊரிலிருந்துதான்.

அப்பப்பா இருக்கிறாரா? இருந்தால் அன்றைக்கு எங்கே நின்றவர் என்று கேளுங்கள். ஊர்வலத்திலா, படலைக்குள்ளா? கோபித்தாலும் பரவாயில்லை, கேளுங்கள். அட்டவணையை மட்டும் கையில் கொண்டுபோக வேண்டாம்.