சபைப் போதகருக்கு எது முக்கியம், பிரசங்கமா நிர்வாகமா?

உங்கள் சபைக்குப் புதுப் போதகர் வரப்போகிறார், அவரிடம் முதலில் எதைப் பார்க்க வேண்டும், பிரசங்கமா நிர்வாகத் திறமையா என்று கேட்டிருக்கிறீர்கள். என்னைக் கேட்டால் இரண்டும் அப்புறம்தான். வீட்டுக்கு வருகிற ஆளா என்று பாருங்கள்.

நான் தூத்துக்குடி மாவட்டத்தில் தேரிக்காட்டுப் பக்கத்து ஊர்க்காரன். எங்கள் பக்கம் போதகரை ஐயர் என்போம். சேகரத்தில், அதாவது ஒரு போதகர் பொறுப்பில் உள்ள வட்டாரத்தில், சபைகள் பல, ஐயர் ஒருவர்தான். மாதத்தில் ஒரு ஞாயிறு திருவிருந்து, அதாவது அப்பமும் ரசமும், கொடுக்க வருவார். மற்ற நாளெல்லாம் சபை உபதேசியார் பொறுப்பு, அவர் குருப்பட்டம் பெறாத சபை ஊழியர். மணி அடிப்பது, ஜெபம் நடத்துவது, பிள்ளைகளைத் திடப்படுத்தலுக்கு, அதாவது திருவிருந்தில் சேர்க்கும் சடங்குக்கு, ஆயத்தம் பண்ணுவது எல்லாம் அவர்தான். ராத்திரி வீடு சந்திக்கப் போகும்போது டார்ச் பிடிப்பது சிறுவயதில் என் வேலை.

அவரிடம் ஒரு நீள நோட்டு இருந்தது. ஒரு பக்கத்துக்கு ஒரு வீடு. யாருக்கு மூட்டுவலி, எந்தப் பையன் படிப்பை விட்டான், யார் திருவிருந்துக்கு எழும்பவில்லை, எல்லாம் அதில் இருக்கும். அந்தக் கடைசி விஷயத்தைத்தான் அவர் கூர்ந்து கவனிப்பார். யாரோடாவது மனஸ்தாபம் என்றால் எங்கள் ஊரில் கோயிலுக்கு வருவார்கள், ஆனால் திருவிருந்துப் பந்திக்கு எழுந்து போக மாட்டார்கள்.

அப்படித்தான் ஒரு வரப்புத் தகராறில் அண்ணன் தம்பி இரண்டு பேரும் மாதக்கணக்கில் உட்கார்ந்தே இருந்தார்கள். உபதேசியார் அதைப் பிரசங்கத்தில் தொடவே இல்லை. அண்ணன் வீட்டில் கருப்பட்டிக் காப்பி குடித்தார், தம்பி வீட்டில் பிள்ளையின் இருமலை விசாரித்தார். வரப்பைப் பற்றி ஒரு பேச்சு கிடையாது. நாலாவது தடவையோ என்னவோ, தம்பியிடம், "ஒங்க அம்மைக்கு ஜெபம் பண்ணப் போறேன், நீயும் வாடே" என்றார். அம்மா படுத்திருந்தது அண்ணன் வீட்டில். தம்பி சட்டையை மாட்டிக்கொண்டு வந்தார். அடுத்த திருவிருந்தில் இரண்டு பேரும் முழங்கால் போட்டார்கள், நடுவில் நாலு பேர் இடைவெளி விட்டு. வரப்பு வழக்கு இன்னும் தீரவில்லை, அது வேறு கதை.

உபதேசியார் சபையைப் பார்த்துக்கொள்ளும் இந்த வழக்கம் எங்கள் பக்கம் பழையது. பாளையங்கோட்டையில் 1780-இல் எழுதிய முதல் சபைப் பதிவேட்டில் இருந்தது 40 பேர். அந்தச் சபையைப் பார்த்துக்கொள்ள வந்த சத்தியநாதன் 1790-இல் குருப்பட்டம் பெற்றவர், வரும்போது அவரும் உபதேசியார்தான்.

பிறகு வேலைக்காக ஒரு நகரத்துக்கு வந்து அங்கே ஒரு சபையில் சேர்ந்தேன். போதகர் பிரமாதமாகப் பேசுவார், ஞாயிற்றுக்கிழமை உட்கார இடம் கிடைக்காது. அப்பா பதினொரு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தார். வாட்ஸ்அப்பில் 'ஜெபிக்கிறோம்' என்று வந்தது, ஆள் வரவில்லை. அடக்க ஆராதனை தொடங்குகிற நேரத்தில் போதகர் என் பக்கம் குனிந்து, "அப்பா பேர் என்ன?" என்று கேட்டார். அப்பா ஆறு வருஷம் அதே சபையில் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்த மனுஷன்.

அவரை மட்டும் குறை சொல்ல மாட்டேன். கட்டடக் கமிட்டி, கன்வென்ஷன், கணக்கு வழக்கு என்று ஒரு ஆள் தலையில் அத்தனையையும் கட்டினால் பெயர் எப்படி நிற்கும்? வீட்டுக்கு வீடு போக உபதேசியார் மாதிரி ஒருவர் அங்கே இல்லை. அந்த வேலையை நாங்களும் எடுத்துச் செய்யவில்லை.

அதனால் புதுப் போதகர் வந்த முதல் வாரமே, கோயிலுக்கு நடந்து வர முடியாத நாலு பேர் வீட்டுக்கு அவரை நீங்களே கூட்டிப் போங்கள். ஒரு நோட்டும் வாங்கிக் கொடுங்கள். சால்வையும் மாலையும் அடுத்த வாரம் போட்டுக்கொள்ளலாம்.