க்ரையோனிக்ஸ் ஆர்வலர்கள் ஒன்றுகூடினால் என்ன பேசிக்கொள்வார்கள்?

இறந்தபின் உடலை மைனஸ் 196 டிகிரி திரவ நைட்ரஜனில் வைத்துக் காப்பதுதான் க்ரையோனிக்ஸ். கலிஃபோர்னியாவில் வேலை பார்த்தபோது அலுவலக நண்பர் கூப்பிட்டு, அப்படி ஒரு கூட்டத்துக்கு இரண்டு முறை போயிருக்கிறேன். ஒரு வீட்டின் சாப்பாட்டு மேசை, சுற்றி எட்டுப் பேர், ஆளுக்கொரு கோப்பு. எதிர்கால மருத்துவம் நம்மை எழுப்புமா என்ற பேச்சு பத்து நிமிடம்கூட நடக்கவில்லை. மூன்று மணி நேரமும் சட்டம்தான்.

காரணம் அங்கேயே புரிந்தது. இதயம் நின்றதும் மூளை கெடத் தொடங்கிவிடும். ஆகவே படுக்கைக்கு அருகிலேயே ஆட்கள் காத்திருந்து, மரணம் அறிவிக்கப்பட்ட உடனே குளிரூட்ட வேண்டும். அறிவிப்புக்கு முன்னால் கைவைத்தால் கொலை வழக்கு. பிரேதப் பரிசோதனைக்குப் போய்விட்டாலோ, உடல் திரும்பி வருவதற்குள் எல்லாம் முடிந்துவிடும்.

அவர்கள் திரும்பத் திரும்பச் சொன்னது டோரா கென்ட் என்ற பெண்மணியின் வழக்கு. 1987 டிசம்பரில் கலிஃபோர்னியாவின் ரிவர்சைடில், க்ரையோனிக்ஸ் செய்யும் அல்கோர் நிறுவனத்தின் கட்டடத்திலேயே அவர் இறந்தார். அப்போது மருத்துவர் யாரும் உடனில்லை. அவர் தலையை மட்டும் பிரித்துப் பாதுகாத்தார்கள். மரண விசாரணை அதிகாரிக்குச் சந்தேகம் வந்து தலையைக் கேட்டார். அல்கோர்க்காரர்கள் அதை ஒளித்துவைத்தார்கள். 1988 ஜனவரியில் போலீஸ் உள்ளே புகுந்தது, சிலர் விலங்கிடப்பட்டார்கள். கடைசியில் தலையைத் தொடக்கூடாது என்று நீதிமன்றம் தடுத்துவிட்டது. அல்கோர் 1994-இல் அரிஸோனாவுக்கே இடம் மாறியது.

பிரேதப் பரிசோதனையைத் தடுக்கக் கலிஃபோர்னியாவில் ஒரு வழி உண்டு. மத நம்பிக்கை காரணமாக வேண்டாம் என்று இரண்டு சாட்சிகள் முன் கையெழுத்திட்டு வைக்கலாம். குற்றச் சந்தேகமோ தொற்றுநோய் அச்சமோ இருந்தால் அது செல்லாது. மேசையில் இருந்த ஒருவர், "எனக்கு மதமே கிடையாதே, நான் எப்படி இதில் கையெழுத்துப் போடுவது?" என்று உண்மையாகவே தவித்தார். மதம் இல்லாதவருக்கும் தன் உடலைப் பற்றி ஆழமான எண்ணம் இருக்கும். சட்டத்தில் அதற்கும் ஒரு வரி இருந்திருக்கலாம் என்று எனக்குப் பட்டது.

தாமஸ் டொனால்ட்சன் என்ற கணிதவியலாளரைப் பற்றியும் சொன்னார்கள். மூளையில் கட்டி. அது மூளையைத் தின்று முடிப்பதற்குள், உயிரோடு இருக்கும்போதே தன்னை உறைய வைக்க அனுமதி கேட்டு வழக்குப் போட்டார். 1992-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் மறுத்துவிட்டது. அவர் 2006 வரை வாழ்ந்தார்.

ஆனால் அதிகாரிகளைவிட அவர்கள் அதிகம் பயந்தது சொந்தக்காரர்களுக்குத்தான். அயோவா மாநிலத்தில் 81 வயதுப் பெரியவர் ஒருவர் அல்கோரில் 53,500 டாலர் கட்டிக் கையெழுத்தும் போட்டிருந்தார். 2009-இல் அவர் இறந்ததும், அண்ணன் தங்கை உறவென்றுகூடப் பார்க்காமல், அவருடைய உடன்பிறந்தவர்கள் நிறுவனத்துக்குச் சொல்லாமலே புதைத்துவிட்டார்கள். மறுஆண்டு மேல்முறையீட்டு நீதிமன்றம் உடலைத் தோண்டியெடுக்க வழிசெய்தது. நாம் மருத்துவக் கல்லூரிக்கு உடல் தானம் எழுதி வைக்கிறோமே, அங்கே அதற்கான சட்டத்தின் கீழ்தான் இதுவும் வருகிறது. இறந்தவர் எழுதி வைத்ததை உறவினர் மாற்ற முடியாது என்பதே தீர்ப்பின் சாரம். சரி, வழக்கில் ஜெயித்தார்கள். ஆனால் மண்ணில் அத்தனை மாதம் கிடந்த மூளையில் என்ன மிஞ்சியிருக்கும்? அதைக் கேட்டபோது எனக்கு நெஞ்சு கனத்தது.

அந்தக் கதை முடிந்ததும் எழுபது வயதைத் தாண்டிய ஒரு அம்மா கோப்பை மூடிவிட்டார். தன் தங்கைக்கு இது எதுவும் தெரியாது, சொல்ல வெட்கமாக இருக்கிறது என்றார். சட்டப்படி தங்கையின் சம்மதம் தேவையே இல்லை. ஆனாலும் எதிர்க்க மாட்டேன் என்று ஒரு தாளில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், அந்த நேரத்தில் ஒரு மணி நேரம் தாமதமானாலும் போச்சு என்று எல்லோரும் சொன்னார்கள்.

இரண்டு மாதம் கழித்து நான் மறுபடி போனபோது அந்த அம்மா வந்திருந்தார். பக்கத்து நாற்காலியில் தங்கையும் இருந்தார். நோட்டரி முத்திரை வைத்த தாள் மேசையைச் சுற்றிக் கைமாறி வந்தது. தங்கை கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "ராத்திரியில் ஏதாவது ஆகிவிட்டால் நான் முதலில் யாருக்கு போன் பண்ண வேண்டும்?"