ஒற்றைக்கால் குச்சிக்கு எவ்வளவு கொடுக்கலாம்?

கேள்வி: என்னிடம் இருப்பது கேனான் 1500டி, கூடவே 55-250 எஸ்டிஎம் லென்ஸ். ஞாயிற்றுக்கிழமைகளில் ஏரிக்கரைகளில் பறவைப் படம் எடுக்கிறேன். பல படங்கள் லேசாகக் கலங்கி வருகின்றன. இணையத்தில் 699 ரூபாய்க்கு ஒரு மோனோபாட், அதாவது கேமராவைத் தாங்கும் ஒற்றைக்கால் குச்சி, பார்த்தேன். நண்பரோ, "வாங்கினால் எட்டாயிரத்துக்கு வாங்கு, இல்லையென்றால் விட்டுவிடு" என்கிறார். யார் பேச்சைக் கேட்பது?
– வங்கி ஊழியர், செங்கல்பட்டு

பதில்: உங்கள் நண்பர் ட்ரைபாடை மனதில் வைத்துக்கொண்டு பேசுகிறார் என்று நினைக்கிறேன். ட்ரைபாட் என்றால் அவர் சொல்வது சரி. அங்கே கேமராவை மாட்டிவிட்டுக் கையை எடுத்துவிடுகிறோம். மூன்று கால்களும், அவை சேரும் இடமும், மேலே இருக்கும் தலையும் காற்றில் ஆடாமல் தாங்களாகவே நின்றாக வேண்டும். மலிவு ட்ரைபாடில் அந்த இடங்களெல்லாம் பிளாஸ்டிக். மோனோபாடின் கதை வேறு. கேமராவைப் பிடித்திருப்பது உங்கள் கைதான். குச்சிக்கு இரண்டே வேலை: எடையைத் தரைக்கு இறக்குவது, மேலும் கீழுமான ஆட்டத்தை அடக்குவது. அதற்கு ஓர் அலுமினியக் குழாயும் வழுக்காத பூட்டும் போதும். கேமரா சாமான்களில் மலிவாக வாங்கியும் ஏமாறாமல் தப்பிக்கக்கூடிய பொருள் ஒன்று உண்டென்றால் இதுதான்.

ஆனால் பணத்தை எடுப்பதற்கு முன், கலங்கிய படங்களில் பத்தைக் கணினியில் பெரிதாக்கிப் பாருங்கள். கிளை தெளிவாக இருந்து பறவை மட்டும் இழுபட்டிருந்தால் அசைந்தது பறவை. அதற்கு எட்டாயிரம் ரூபாய் குச்சியும் உதவாது. ஷட்டர் வேகத்தைத்தான் கூட்ட வேண்டும். பறவைக்கு முன்னாலோ பின்னாலோ உள்ள புல் தெளிவாக இருந்தால் ஃபோகஸ் தவறிய இடம் அது. படம் முழுக்க ஒரே பக்கமாக இழுபட்டிருந்தால் மட்டுமே கை ஆட்டம். மோனோபாடுக்கு வேலை இருப்பது அங்கேதான்.

இனிக் கணக்கு. 250 மி.மீ.யில் எடுக்கிறீர்கள். கேனானின் சின்ன சென்சாருக்கு அதை 1.6 ஆல் பெருக்கினால் 400. கையில் பிடித்து எடுக்க நொடியில் 400இல் ஒரு பங்கு வேகமாவது வேண்டும் என்பது பழைய விதி. மோனோபாட் வைத்தால் இன்னும் இரண்டு ஸ்டாப் (ஒரு ஸ்டாப் என்றால் வேகம் பாதியாவது) இறங்கி, 100இல் ஒரு பங்குவரை துணிந்து போகலாம். ஆனால் உங்கள் லென்ஸிலேயே கை ஆட்டத்தை ஈடுகட்டும் ஐஎஸ் வசதி இருக்கிறது. அது மூன்றரை ஸ்டாப் உதவும் என்று கேனானே சொல்கிறது. எடையையும் பாருங்கள். கேமரா 475 கிராம், லென்ஸ் 375 கிராம், ஆக 850 கிராம். இதைத் தூக்கிக் கை வலிக்காது. ஆகவே உங்களுக்கு மோனோபாட் பயன்படப்போவது விடியற்காலை, அந்தி போன்ற மங்கல் வெளிச்சத்திலும், மீன்கொத்தி எப்போது பாயும் என்று கண்ணை எடுக்காமல் இருபது நிமிடம் காத்திருக்கும்போதும்தான். அதற்கு எட்டாயிரம் கொடுப்பது வீண். 699 நியாயம்தான், ஆனால் பார்த்து வாங்க வேண்டும். எதைப் பார்ப்பது என்று இன்னொருவர் கேட்டிருக்கிறார். அடுத்து அதைப் படியுங்கள்.

கேள்வி: கடையில் கையில் எடுத்துப் பார்த்து வாங்கலாம் என்றிருக்கிறேன். எல்லாம் ஒரே மாதிரி கறுப்புக் குச்சியாக இருக்கிறது. என்ன பார்ப்பது?
– கல்லூரி விரிவுரையாளர், திருநெல்வேலி

பதில்: முதலில் எல்லாப் பகுதிகளையும் இழுத்துப் பூட்டுங்கள். மேல் முனையில் உள்ளங்கையை வைத்து உடம்பின் பாரத்தை மெல்ல இறக்குங்கள். ஒரு விரல் அகலம் இறங்கினாலும் கீழே வைத்துவிடுங்கள். கடைக்காரர் முகம் சுளிப்பார், பரவாயில்லை. பெட்டியில் "3 கிலோ தாங்கும்" என்று போட்டிருப்பது அசையாமல் நிறுத்திவைத்த எடையைப் பற்றியது. களத்தில் நாம் அலுத்துப்போய் குச்சிமேல் சாய்ந்து நிற்போம், சரிவில் ஊன்றி ஏறுவோம். அந்தப் பாரம் வேறு.

பூட்டில் இரண்டு வகை உண்டு. மடக்கிப் போடுவது கிளிப், திருகுவது ட்விஸ்ட். விலை உயர்ந்த குச்சிகளில் ட்விஸ்ட் அருமையாக இருக்கும். மலிவில் நான் கிளிப்பைத்தான் சொல்வேன். ட்விஸ்ட் பூட்டுக்குள்ளே ஒரு பிளாஸ்டிக் வளையம் இருக்கிறது. அதில் மணல் புகுந்தால் தேயும், தேய்ந்தால் வழுக்கும், மாற்று வளையம் எங்கும் கிடைக்காது. கிளிப் தளர்ந்தால் பக்கத்திலிருக்கும் சின்னத் திருகை அரைச்சுற்று முறுக்கிவிடலாம். அப்படி ஒரு திருகு இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். சில மலிவுக் கிளிப்புகளில் வெறும் ரிவெட்தான் அடித்திருப்பார்கள்.

அப்புறம் மேல்முனைத் திருகு. கேமராவின் அடியில் பொருந்துவது கால் அங்குலத் திருகு. பெரிய லென்ஸ்களைச் சுற்றியிருக்கும் தாங்கு வளையங்களுக்கும் தலைகளுக்கும் எட்டில் மூன்று அங்குலம். நல்ல குச்சியில் இந்த ஒரே திருகைத் தலைகீழாகத் திருப்பி இரண்டு அளவுக்கும் பயன்படுத்தலாம். மலிவில் பசை போட்டுப் பிளாஸ்டிக் தட்டில் ஒட்டியிருப்பார்கள். விரலால் அழுத்திப் பிடித்துத் திருப்புங்கள், சுழன்றால் வேண்டாம். திருகு உறுதியாக இருந்து கேமரா மட்டும் தட்டின்மேல் வழுக்கிச் சுற்றினால் கவலையில்லை. பழைய சைக்கிள் ட்யூபில் வட்டமாக ஒரு துண்டு வெட்டி நடுவில் ஓட்டை போட்டு வைத்தால் சரியாகிவிடும்.

உயரத்தில் பலரும் கோட்டைவிடுகிறார்கள். செருப்போடு நின்று தரையிலிருந்து கண்வரை அளந்து, அதில் எட்டு, பத்து சென்டிமீட்டரைக் கழித்தால் சமதரைக்கான அளவு வரும். ஆனால் ஏரிக்கரை சமதரை இல்லையே. கரைமேல் நீங்கள், சரிவில் குச்சி. ஒரு சாணாவது கூடுதலாக இருக்கட்டும். பெட்டியில் போட்டிருக்கும் உயரம் பெரும்பாலும் தலையையும் சேர்த்தது, எல்லாப் பகுதிகளையும் இழுத்தது. கடைசிப் பகுதி சுண்டுவிரல் தடிமன்தான் இருக்கும், அதுதான் ஆடும். அதை இழுக்காமலே உங்கள் உயரம் வந்துவிட்டால் நல்லது. எப்போதும் தடித்த பகுதிகளை முதலில் இழுங்கள்.

அடி ரப்பர் போவது நிச்சயம். என் முதல் மோனோபாடின் ரப்பரை இரண்டாவது வாரமே ஒரு கண்மாய்ச் சேறு விழுங்கிவிட்டது. வாங்கிய கடையில் கேட்டால் "தனியா வராது சார், புதுசே வாங்கிடுங்க" என்றார்கள். அரசு மருத்துவமனை எதிரே ஊன்றுகோல் விற்கும் சர்ஜிக்கல் கடையில், கைத்தடிக்குப் போடும் ரப்பர் புஷ் சில்லறைக் காசுக்குக் கிடைத்தது. பழையதைவிட அகலம், வழுக்கவும் இல்லை. குழாயின் வெளி விட்டத்தை அளந்துகொண்டு போங்கள், அவ்வளவுதான்.

கேள்வி: மோனோபாடோடு பால் ஹெட்டும், அடியில் விரியும் மூன்று குட்டிக் கால்களும் சேர்த்து 1,500 ரூபாய்க்குத் தருகிறார்கள். லாபம்தானே?
– சிறு ஸ்டூடியோ நடத்துபவர், தஞ்சாவூர்

பதில்: நஷ்டம். குச்சி மலிவாக இருக்கலாம் என்று மேலே சொன்னேன். தலைக்கு அந்தச் சலுகை கிடையாது. பால் ஹெட் என்பது ஓர் உருண்டையின்மேல் எல்லாப் பக்கமும் வளையும் தலை. மலிவு பால் ஹெட்டில் அந்த உருண்டையைப் பிடித்திருப்பது ஒரு பிளாஸ்டிக் கிண்ணம். வெயிலில் ஒரு மணி நேரம் நின்றால் பிடி தளரும். எனக்கு நடந்தது இது: தோளில் சாய்த்துக்கொண்டு நடக்கும்போது உருண்டை சட்டென்று மடிந்து, லென்ஸ் முகம் வேலிக் கல்லில் இடித்தது. முன்னால் மாட்டியிருந்த ஹூட் உடைந்ததோடு போயிற்று. அன்றிலிருந்து தோளில் சாய்த்தால் கேமராவின் வாரும் கழுத்தில் கிடக்கும்.

உண்மையில் மோனோபாடுக்கு எல்லாப் பக்கமும் வளையும் தலை தேவையே இல்லை. இடம் வலம் திரும்ப நீங்களே திரும்பினால் போதும். வேண்டியதெல்லாம் முன்னும் பின்னும் மட்டும் சாயும் டில்ட் ஹெட். மேலே மரத்தைப் பார்க்க அது போதும். பணம் மிச்சமிருந்தால் உலோகத்தில் செய்த டில்ட் ஹெட் ஒன்றைத் தனியாக வாங்குங்கள்.

குட்டிக் கால்கள் கல்யாண வீடியோவுக்கு வசதிதான், கை ஓயாமல் நிற்கலாம். ஆனால் கேமராவை அதன்மேல் நிற்கவைத்துவிட்டு மாப்பிள்ளை அழைப்பைப் பார்க்கப் போய்விடாதீர்கள். ஓடிவரும் குழந்தையின் கை பட்டாலே சாயும். வீடியோவுக்கென்று செய்த விலை உயர்ந்த மோனோபாடுகளில்கூட அந்தக் கால்கள் கையைத் துணைக்கு வைத்துக்கொள்ளத்தான்.

கேள்வி: "மோனோபாட்" என்று போட்டிருந்ததைப் பார்த்து ஆர்டர் செய்தேன். வந்தது செல்ஃபி குச்சி! திருப்பி எடுக்க மாட்டோம் என்கிறார் விற்பவர்.
– இல்லத்தரசி, ஈரோடு

பதில்: நம் ஊர் இணையக் கடைகளில் செல்ஃபி குச்சியையும் மோனோபாட் என்றே விற்கிறார்கள். மடக்கிய நீளமும் எடையும் பட்டியலில் இருக்கும், அதைப் பாருங்கள். கேமராவைத் தாங்கும் குச்சி மடக்கினாலும் அரை மீட்டருக்குக் கிட்டே வரும். கைப்பைக்குள் போனால் அது செல்ஃபி குச்சி.

விளம்பரத்தில் டிஎஸ்எல்ஆர் கேமராவுக்கு என்று எழுதியிருந்தால் சட்டம் உங்கள் பக்கம். நுகர்வோர் பாதுகாப்பு (மின்வணிகம்) விதிகள், 2020இன்படி, விளம்பரத்தில் சொன்னபடி இல்லாத பொருளைத் திருப்பி எடுக்கவோ பணத்தைத் தரவோ விற்பவர் மறுக்க முடியாது. தளத்துக்கு ஒரு குறைதீர் அலுவலர் இருக்க வேண்டும். புகார் கிடைத்ததை அவர் 48 மணி நேரத்துக்குள் ஒப்புக்கொண்டு, ஒரு மாதத்துக்குள் தீர்த்துவைக்க வேண்டும். விளம்பரப் பக்கத்தை அவர்கள் மாற்றுவதற்கு முன் ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வையுங்கள். பதில் வராவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணை அழையுங்கள். மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கும் போகலாம். ஐந்து லட்ச ரூபாய்க்குள் வாங்கிய பொருளுக்குக் கட்டணம் இல்லை. இத்தனை சின்னத் தொகைக்கு அவ்வளவு தூரம் அலைய வேண்டி வராது என்பது என் எண்ணம். 1915இல் பதிவு செய்ததும் பலர் இறங்கி வருகிறார்கள்.

கேள்வி: நிகான் டி7500இல் 200-500 லென்ஸ் மாட்டி வேடந்தாங்கல் போகிறேன். இதற்கும் மலிவு மோனோபாட் போதுமா?
– ஓய்வுபெற்ற பொறியாளர், சென்னை

பதில்: உங்களுக்குத்தான் மோனோபாட் உண்மையில் வேண்டும். லென்ஸ் மட்டும் 2,300 கிராம், கேமராவோடு மூன்று கிலோ. இதைக் கண்ணோடு வைத்துக்கொண்டு கூட்டைப் பார்த்துக் காத்திருந்தால் ஐந்து நிமிடத்தில் கை நடுங்கும். கொஞ்சம் கூடச் செலவழியுங்கள். ஆனால் கார்பன் ஃபைபருக்கு அல்ல, தடிமனான அலுமினியத்துக்கு. ஒற்றைக் குழாயில் கார்பன் மிச்சப்படுத்துவது சில நூறு கிராம், அதுவும் தரையில் ஊன்றும் எடை.

தலை வேண்டாம். உங்கள் லென்ஸில் வளையம் இருக்கிறது. அதன் காலை நேராகக் குச்சியில் மாட்டுங்கள். நெட்டாக எடுக்க வளையத்தைத் தளர்த்திச் சுற்றினால் போதும். கேமராவின் அடியில் மட்டும் மாட்டாதீர்கள், அத்தனை எடையும் லென்ஸ் மவுண்டில் தொங்கும். குச்சியை உங்களுக்கு முன்னால் ஓரடி தள்ளி ஊன்றி, இரண்டு கால்களையும் அகட்டி, லேசாக முன்னால் சாயுங்கள். உங்கள் இரண்டு கால், அதன் ஒரு கால், ஆக முக்காலி. இடது கையை லென்ஸுக்கு மேலே வைத்து அழுத்துங்கள். லென்ஸின் விஆரை (கேனானின் ஐஎஸ் போன்ற ஆட்டம் குறைக்கும் வசதி) அணைக்க வேண்டாம். அது ட்ரைபாடுக்குச் சொல்லும் அறிவுரை.

கேள்வி: கோயில்களில் மோனோபாட் அனுமதிப்பார்களா?
– வாசகர், கும்பகோணம்

பதில்: தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள இடங்களில் ட்ரைபாடுக்கு முன்அனுமதி வேண்டும். வாசலில் இருக்கும் காவலருக்கு மூன்று கால், ஒரு கால் என்ற வித்தியாசமெல்லாம் கிடையாது. பையிலிருந்து எடுப்பதற்கு முன் கேட்டுவிடுங்கள்.

கேள்வி: கையில் காசே இல்லை. வேறு வழி?
– மாணவர், மதுரை

பதில்: உண்டு. கால் அங்குல போல்ட் ஒன்று, உங்கள் உயரத்துக்கு மேல் நீளமான, இழுபடாத நைலான் கயிறு ஒன்று. கயிற்றை போல்ட் தலைக்குக் கீழே கட்டி, போல்ட்டைக் கேமராவின் அடியில் முடுக்கி, மறுமுனையை மிதித்துக்கொண்டு கேமராவை மேல்நோக்கி விறைப்பாக இழுங்கள். மேலும் கீழுமான ஆட்டத்தில் பெரும்பகுதி நின்றுவிடும். மதில்மேலோ வண்டி ஜன்னல்மேலோ வைத்து எடுப்பதென்றால் ஒரு துணிப்பையில் அரைப் பைக்கு அரிசி நிரப்பிக் கட்டினால் போதும், லென்ஸ் அதில் அமுங்கி உட்காரும்.

போல்ட் வாங்குவதில் மட்டும் கவனம். ஹார்டுவேர் கடையில் கால் அங்குலம் என்று கேட்டால் சில நேரம் எம்6 என்ற மில்லிமீட்டர் அளவு போல்ட்டை எடுத்துத் தருவார்கள். பார்வைக்கு ஒன்றுபோல இருக்கும், புரி வேறு. கேமராவின் புரியை அரித்துவிடும். மொபைலைப் பிடிக்கும் ஹோல்டர் ஒன்றைக் கொண்டுபோய் அதன் அடியில் முதலில் முடுக்கிப் பாருங்கள், அங்கே இருப்பதும் அதே கால் அங்குலப் புரிதான். நட்டும் வாஷரும் போட்டு, ஐந்து மில்லிமீட்டருக்கு மேல் உள்ளே போகாதபடி நிறுத்திக்கொள்ளுங்கள். கூடுதலாக முடுக்கினால் கேமராவின் அடித்தட்டு விரிசல் விடும்.